தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது யார்?

அமெரிக்காவில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் ஒருவர் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கினால், அடுத்து வரும் கேள்வி எந்தத் தோட்டா என்பதுதான். சுட்ட குண்டு சுவரைத் துளைத்துப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் மேல் பட்டுவிட்டால்? அதனால் உடம்பில் பட்டதும் விரிந்து, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும் 'ஹாலோ பாயின்ட்' குண்டுகளைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கூட இன்று அடுக்குமாடிகள் உண்டு. ஆனால் அங்கே குடியிருப்பவருக்கு இந்தத் தேர்வு பெரிதாக இல்லை. அவருக்காகச் சட்டம் எப்போதோ தேர்ந்தெடுத்துவிட்டது!

வேடிக்கை என்னவென்றால், விரியும் குண்டுக்கு உலகம் வைத்த பெயரே ஓர் இந்திய ஊரின் பெயர்தான். 1895 சித்ரால் போரில் .303 குண்டு எதிரியின் உடலை ஊடுருவிச் சென்றும் அவன் விழவில்லை என்று பிரிட்டிஷ் சிப்பாய்கள் குறை சொன்னார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே, முனையில் ஈயம் வெளியே தெரியும்படி ஒரு குண்டைச் செய்தார். அதுதான் 'டம்டம்' குண்டு. கொடூரமானது என்று 1899 ஹேக் மாநாடு போரில் அதைத் தடை செய்தது. அந்தத் தடை நாடுகளுக்கு இடையிலான போருக்கு மட்டுமே. பிற்காலத்தில் பல நாட்டுப் போலீசார் விரியும் குண்டுக்கே மாறினார்கள். பின்னால் நிற்பவர் மீது பாயாது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இந்தியாவில் ஆள்பவர்களின் கவலை வேறு. 1857-ஐ மறக்காத ஆங்கிலேயர், லிட்டன் பிரபு காலத்தில் 1878 ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் இதைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. அடுத்து அரசின் பார்வை துப்பாக்கியிலிருந்து தோட்டாவுக்குப் போனது. ராணுவத் தோட்டா வெளியே கசிந்தாலும் தனியார் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்று, 1900-களின் தொடக்கத்தில் .450 ரகத்துக்குத் தடை வந்தது. வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் கம்பெனிகள் இதற்காகவே .470 போன்ற புது அளவுகளை உருவாக்கின.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த வழி மாறவில்லை. 1959 ஆயுதச் சட்டம் 1962-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில் .380, .455, ராணுவ 9 எம்.எம். தோட்டா பொருந்தும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருந்தன. மிஞ்சியவற்றில் பரவலானது .32. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வரில் போடும் .32 தோட்டா, 1896-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி கொண்டுவந்தது. 2014-ல் பெண்களுக்காக என்று விளம்பரமாகி, சுமார் 1.22 லட்சம் ரூபாய்க்கு வந்த 'நிர்பீக்' ரிவால்வரும் இதே .32 தான்.

திண்டிவனத்துக்காரர் லைசென்ஸ் கேட்டு 1993 வரை கடலூரில் இருந்த தென்னாற்காடு கலெக்டரிடம் போக வேண்டும். அந்த ஆண்டு புது மாவட்டம் பிறந்தபின் விழுப்புரம். ஊர் மாறினாலும் கேள்வி ஒன்றே: உமக்குத் துப்பாக்கி எதற்கு? எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் லைசென்ஸிலேயே எழுதப்படும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம்.

இத்தனையிலும் பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கே? அது வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, கும்பலால் தாக்கப்படும் ஒருவரை உதாரணம் காட்டுகிறது. கும்பலுக்கு நடுவே சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். உயிர் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்து, வேறு வழியும் இல்லை என்றால் மட்டுமே, அவர்களுக்கு ஆபத்து நேரும்படி சுட அவருக்கு உரிமை உண்டு. 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவு.

ஆக, நூறு வருடமாகத் தோட்டாவின் அளவை முடிவு செய்தது அரசாங்கக் கிடங்கின் பாதுகாப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குபவரின் பாதுகாப்பு, துப்பாக்கி வைத்திருப்பவரின் ஒரு நொடி நிதானத்திடம் விடப்பட்டிருக்கிறது.