வளவும் குறியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காற்றுத்துவக்கின் குறிக்கருவிகள்

தமிழ்நாட்டார் துப்பாக்கி என்று வழங்குவதை யாழ்ப்பாணத்தார் துவக்கு என்பர். சிங்களவர் துவக்குவ என்பர். துருக்கி மொழியிற் பிறந்த ஒரு சொல்லே வணிகரோடும் படைவீரரோடும் நாடு நாடாகத் திரிந்து இவ்வடிவங்களைப் பெற்றதென்பது சொல்லாராய்ச்சியாளர் துணிபு. சொல்லின் வரலாற்றைத் துருவியோர் பலராயினும், அக்கருவியைத் தோளில் ஏற்றிக் கண்ணைச் சாய்த்துக் குறி பார்க்கும் முறை எங்கள் குடாநாட்டில் எவ்வாறு மாறி வந்தது என்பதை ஆராய்ந்தோர் அரியர். காற்றுத்துவக்கினால், அதிலும் கையாற் காற்றடித்துச் சுடும் துவக்கினால், சிறு விலங்கையும் பறவையையும் வேட்டையாடிய சாமானிய மக்கள் அதன் மேல் எத்தகைய குறிக்கருவியை அமைத்துக்கொண்டனர், ஏன் அதனைத் தெரிந்தெடுத்தனர் என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த பொருள். அவர்களுடைய தெரிவை விதித்தது வேட்டைக்காடு அன்று, வீட்டு வளவே என்பது யான் கண்ட முடிபு.

இம்முடிபுக்கு ஆதாரம் நிலத்தின் இயல்பிலேயே உள்ளது. சுண்ணாம்புக் கற்பாறை மேல் மெல்லிய மண் போர்த்த இத்தட்டையான நிலத்திற் பெருவிலங்குகள் தங்கி வாழத்தக்க காடு இல்லை. வன்னியிற் பிடிபட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் விற்பனைக்காகக் குடாநாட்டினுள் நடத்திக் கொண்டுவரப்பட்டன. அவை கடந்த களப்புவழிக்கு ஆனையிறவு என்ற பெயர் நிலைத்தது. உள்ளே வாழ்ந்தவை முயலும் புறாவும் கௌதாரியும் அணிலும் எலியுமே. கௌதாரி இப்பிரதேசத்தில் எவ்வளவு பிரசித்தமானது என்பதற்குப் பூநகரிப் பக்கத்துக் கௌதாரிமுனை என்னும் ஊர்ப்பெயரே சான்றாகும். இனி, 16 பரப்பு ஓர் ஏக்கர் என்பது எங்கள் மேட்டுநிலக் கணக்கு. நாலு பரப்பு வளவொன்று சதுரமாக அமைந்தால் அதன் ஒரு பக்கம் 104 அடி, அதாவது 35 யாருக்குச் சற்றுக் குறைவு. வளவின் நடுவே வீடு; வீட்டுத் திண்ணையிலிருந்து கிடுகுவேலி வரை, அல்லது வேலியோரத்துப் பனை வரை, 15 யாரோ 20 யாரோதான் வரும். வேலிக்கு அப்பால் அயலவர் கிணறு. கிணற்றடியிற் பெண்டிரும் பிள்ளைகளும். ஆகவே குறி பார்ப்போனுக்குத் தொலைவு ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை. தவறாமையே பிரச்சினையாக இருந்தது.

துவக்கு வருவதற்கு முன்பே காற்றினால் எய்யும் கருவியைத் தமிழர் அறிந்திருந்தனர். சுங்குத்தான் என்ற பெயரால் அகராதிகள் குறிக்கும் ஊதுகுழல் அத்தகையது. நீண்ட குழலின் ஒரு வாயிற் சிறு அம்பையோ உருண்டையையோ வைத்து மூச்சினால் உந்திச் செலுத்தும் அச்சாதனத்தில் குறிக்கருவி என்று தனியே ஒன்றுமில்லை; குழல் உதட்டிலிருக்க இரு கண்ணும் திறந்திருக்கும்; அனுபவமே குறி. களிமண் உருண்டையைச் செலுத்தும் உண்டைவில்லுக்கும், பின்னாளிற் சிறுவர் கழுத்திற் தொங்கிய கெற்றப்போலுக்கும் அவ்விதியே பொருந்தும். கொய்யாக் கவட்டின் இரு கொம்புக்கும் நடுவே அணிலை நிறுத்தி றப்பர் நாடாவை இழுக்கும் பிள்ளையிடம் எங்கே பார்த்தாய் என்று கேட்டால், அவனுக்கு விடை சொல்லத் தெரியாது.

கண்ணுக்கும் இலக்குக்கும் இடையே ஓர் உலோகப் புள்ளியை நிறுத்தும் வழக்கம் போர்த்துக்கேயரோடு வந்த துவக்கின் பேறு எனலாம். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்களுடைய திரித்துவக்கும், பின் வந்த இடியன் துவக்கும், ஆங்கிலேயர் காலத்தில் ஊர்களிற் பரவிய பன்னிரண்டாம் இலக்கச் சன்னத்துவக்கும் சிறு வேட்டையைப் பொறுத்தவரை ஒரே குடும்பத்தவை. சன்னத்துவக்கின் குழல் நுனியில் ஒரு பித்தளை மணி இருக்கும். பின்னே ஒன்றும் இராது. சன்னங்கள் சிதறிப் பரவுதலால், மணி இலக்கின் அண்மையிற் போனாற் போதும். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் துவக்கு வைத்திருப்போரை உரிமத்துக்குட் கொண்டுவந்தது. வளவினுள் தென்னங்குரும்பையைக் கடிக்கும் அணிலுக்காகவும் எலிக்காகவும் அத்துவக்கை வெடிக்க வைத்தால் ஊரே கூடிவிடும். அணிலோ உருத்தெரியாமற் சிதைந்துவிடும். இவ்விடைவெளியை நிரப்பியதே காற்றுத்துவக்கு.

காற்றுத்துவக்கு மேலைநாட்டில் விளையாட்டுப் பொருளாகப் பிறந்ததன்று. ஜிராந்தோனி என்பார் இயற்றிய காற்று ரைபிளை ஆஸ்திரியப் படை 1780 அளவிற் கையேற்றது. அதன் இரும்புக் கலத்தை நிரப்ப ஏறத்தாழ 1500 முறை பம்பு அடிக்கவேண்டியிருந்தது. பிற்காலத்தில் இக்கருவி இரு கிளையாகப் பிரிந்தது. ஜெர்மனியில் 1890 இல் தோன்றிய டயானாவும், 1905 இல் வெளிவந்த பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. ரைபிளும் சுருள்வில்லை மடக்கி விடுவிக்கும் இனத்தவை. அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரில் 1902 முதல் இயங்கிய பெஞ்சமின் நிறுவனமும், பின்னர்த் தொடங்கிய ஷெரிடனும், 1966 இற் புகழ்பெற்ற 760 ஐ வெளியிட்ட குரோஸ்மனும் கையாற் காற்றடித்து அடைக்கும் இனத்தை வளர்த்தன. சைக்கிளுக்குக் காற்றடித்துப் பழகிய எங்கள் மக்களுக்கு இரண்டாம் இனத்தின் தத்துவம் சொல்லாமலே விளங்கிற்று.

ஆயின் இவ்விரண்டாம் இனமே குறிக்கருவியைப் பற்றிய சிந்தனையைச் சிக்கலாக்கிற்று. வில் ரைபிளின் வலு ஒவ்வொரு முறையும் ஒன்றே. பம்பு ரைபிளின் வலுவோ அடித்தவனுடைய கையில் இருக்கின்றது. செக்கனுக்கு 500 அடி வேகத்தில் குழலைவிட்டுப் புறப்படும் ஈயச் சன்னம் 20 யாரை அடைவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 அங்குலம் தாழும் என்பது எளிய கணிதம். நாலு அடி அடித்த துவக்கில் வேகம் 400 அடியாகக் குறைந்ததென்று வைத்துக்கொண்டால் தாழ்வு 4¾ அங்குலம் ஆகிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 1¾ அங்குலம். அணிலின் தலையோ ஓர் அங்குலமளவே. ஆகவே, எத்துணை நுட்பமான குறிக்கருவியும், எத்தனை அடி அடித்தோம் என்ற எண்ணைச் சேர்க்காதவிடத்துப் பொய்யான கருவியே. குறிக்கருவிகளின் வரலாற்றில் இவ்வுண்மையை யான் மிக முக்கியமாகக் கருதுகின்றேன். ஏனெனில், பம்பு ரைபிளின் குறி இரும்பில் மாத்திரம் இல்லை, பாதி குறி கையிலும் எண்ணிக்கையிலும் இருக்கின்றது.

வடமராட்சியில் எங்கள் பெரியப்பா வைத்திருந்த பம்பு ரைபிளை யான் சிறு பிராயத்திற் பலமுறை கையிலெடுத்துப் பார்த்ததுண்டு. குழலின் நுனியில் நெல்மணியளவான முன்குறி. நடுவிற்குச் சற்றுப் பின்னே தகட்டிற் பிளந்த பின்குறி. அப்பிளவை ஏற்றி இறக்க ஒரு சிறு படி. வெயில் ஏறினால் முன்குறியின் மேற் பளபளப்பு விழுந்து இடப்புறமோ வலப்புறமோ அதனைப் பெருக்கிக் காட்டும். அதனால் அவர் வேட்டைக்கு முன் தேங்காயெண்ணெய் விளக்கின் சுடரிற் குழல் நுனியைச் சில கணம் காட்டிக் கரிபிடிக்க வைப்பார். ஆறு அடிக்கு மேல் அவர் அடித்ததைக் கண்டிலேன். நாலா, ஆறா, எட்டா என்று ஒவ்வொரு முறையும் எண்ணி மயங்குவதினும், ஒன்றையே பற்றிக்கொண்டு அதற்கே பின்குறியைத் திருத்தி வைத்தல் சிறந்தது என்பது அவருடைய சித்தாந்தம். பெட்டியோடு வந்த ஆங்கில அறிவுரைத் தாளை அவர் ஒருபோதும் விரித்துப் பார்த்ததில்லையாயினும், மேலே கூறிய கணிதத்தின் முடிபு அதுவே.

நாற்பது வயது கடந்தபின் வெள்ளெழுத்து அவரைப் பற்றிக்கொண்டது. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண இளங்கண்ணுக்கே இயலாது. முதுகண்ணுக்குப் பின்குறி வெறும் புகையாகிவிடும். இக்குறையைத் தீர்ப்பது துளைக்குறி. தகட்டிற் சிறு துளையிட்டு அதனைக் குழலின் பின்னெல்லையிற் கண்ணுக்கு அருகே நிறுத்தினால், கண் அத்துளையைப் பாராமல் அதனூடாகப் பார்க்கின்றது. வட்டத்தின் நடுவைத் தேடுவது கண்ணின் இயல்பாதலின், முன்குறி தானாகவே நடுவில் வந்து நிற்கின்றது. இரு குறிகளுக்கும் இடையிலுள்ள நீளம் கூடுதலால் பிழையும் குறைகின்றது. பம்பு ரைபிளுக்கு இதனினும் ஏற்ற கருவி இல்லை என்பது என் அபிப்பிராயம். மாலை மங்கும் வேளையிற் பனந்தோப்பினுள் துளை இருண்டுபோதல் மாத்திரமே இதன் குறை. துளையை அகலப்படுத்தி அதனையும் ஓரளவு நீக்கலாம்.

தொலைநோக்கிக் குறி பிந்தி வந்தது. நியூயோர்க் மாகாணத்து வில்லியம் மல்கம் 1855 இல் ரைபிளுக்கென நெடுங்குழற் தொலைநோக்கிகளை இயற்றத் தொடங்கினார். 1930 இல் வீவர் என்பார் சாமானியர் வாங்கத்தக்க விலையிற் சிறியதொன்றை வெளியிட்டார். குடாநாட்டிற் போர் நிகழ்ந்த காலத்தில் தொலைநோக்கி பொருத்திய குழல் எதுவாயினும் அது ஐயத்துக்கும் ஆபத்துக்கும் உரியதாயிற்று. ஆதலின் பிறநாட்டிற் பல்லாண்டுகளாக வழங்கிய பொருள் இங்கே ஒரு தலைமுறை தாழ்த்தே பேச்சுக்கு வந்தது. அதனைத் தெரிவோர் மூன்று விடயங்களை நோக்கவேண்டும். முதலாவது, பெரிய ரைபிளுக்கென்று ஆக்கிய தொலைநோக்கி 100 யாருக்குப் பொருத்தப்பட்டது. 15 யாரிற் கண் சற்று அசைந்தாலும் அதன் சிலுவைக்கோடு இலக்கை விட்டு நகர்வதுபோற் தோன்றும். அணிமைத் தூரத்துக்குத் திருத்தியதே, அல்லது திருத்தத்தக்கதே வேண்டும். இரண்டாவது, பெருக்கம் மிகுதல் நன்றன்று; 4 மடங்கும் 32 மில்லிமீற்றர் முன்வில்லையும் உள்ளது வளவுக்குப் போதும், ஒளியும் தாராளம். மூன்றாவது, வில் ரைபிள் பின்னும் முன்னுமாக இருமுறை உதைத்துச் சாதாரணத் தொலைநோக்கியை உடைத்துவிடும். பம்பு ரைபிள் உதைப்பதில்லை. அந்நன்மை இருந்தும், காற்றடிக்கும் வேளையில் ஒரு கை துவக்கின் நடுவுடலைப் பிடிக்கவேண்டியிருக்க, அவ்விடத்திலேயே தொலைநோக்கி அமர்ந்துகொள்ளுதலின், ஒவ்வோர் அடிக்கும் விரல் அதனில் இடறும், குறியும் சிறிது சிறிதாகக் கலையும். கார்த்திகை மழைக்குப் பின் வில்லையினுட் படரும் பூஞ்சணமும், களப்புக் காற்றின் உப்புத் துருவும் இதனோடு சேரும்.

தொலைநோக்கி குழலுக்கு மேல் 1½ அங்குலம் உயர்ந்து நிற்பதனாலும் ஒரு வேற்றுமை உண்டு. 500 அடி வேகத்தில் 20 யாருக்குத் திருத்திய திறந்த குறியில், 10 யாரிற் சன்னம் ஏறத்தாழ அரை அங்குலம் மேலே படும்; 30 யாரில் 2 அங்குலத்துக்குச் சற்று மேலாகக் கீழே படும். தொலைநோக்கியில் 10 யாரிற் பிழை இல்லையென்றே சொல்லலாம். 30 யாரில் 2 அங்குலத் தாழ்வு எஞ்சும். வளவின் அளவுக்குள் இரண்டும் ஒன்றையொன்று பெரிதும் வெல்வதில்லை.

பனை ஒன்றே இக்கணக்கைக் குலைக்கின்றது. மேலைநாட்டு நூல்கள் இலக்கு நிலமட்டத்தில் நிற்பதாகவே பெரும்பாலும் கருதும். எங்களுக்கோ எலி பனங்குலையில் இருக்கும். பனையினின்று 42 அடி விலகி நின்று, கண்மட்டத்துக்கு 42 அடி மேலுள்ள குலையை நோக்கினால் சாய்வுத் தூரம் ஏறத்தாழ 20 யார் வரும். ஆனால் புவியீர்ப்பு சன்னத்தின் போக்குக்குக் குறுக்கே முழுமையாகத் தொழிற்படாமையின், 3 அங்குலத் தாழ்வு 2 அங்குலமளவாகச் சுருங்கும். நிலத்தில் திருத்திய துவக்கு ஓர் அங்குலம் மேலே சுடும். மேலே பார்க்கும்போது கீழே பிடி என்று பெரியப்பா சொன்னதன் காரணத்தை யான் பல ஆண்டுகளின் பின்னரே காகிதத்திற் போட்டு அறிந்தேன். அதனோடு, வானை நோக்கிய சன்னம் தவறினால் அது எந்த வளவிலோ விழுந்தே தீரும். அதனால் அவர் ஓலை மட்டையோ அடிமரமோ பின்னணியில் இல்லாத இலக்கை ஒருபோதும் சுட்டதில்லை.

தொலைநோக்கியின் ஒரு பயனை இங்கே கூறாமல் விடுதல் நேர்மையாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938 இற் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளமும், பறவை என்றால் இன்னதென்று தெரிந்த பின்னரே விரலை அசைக்கவேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. சுட்டபின் அறிதல் பயனற்றது. கிளை நிழலில் அமர்ந்திருப்பது இன்னதென்று திறந்த குறி காட்டாததைத் தொலைநோக்கி காட்டும். சுடுவதற்கன்றி, சுடாமல் விடுவதற்கே அது சிறந்த கருவி என்று கருதும் என் நண்பர் சிலர், ரைபிளில் துளைக்குறியையும் கழுத்திற் தனியான இருகண் தொலைநோக்கியையும் கொண்டு திரிவர். குடாநாட்டின் நிலைமைக்கு அதுவே மிகப் பொருத்தமான ஏற்பாடு என்று எனக்கும் படுகின்றது.

பெரியப்பாவின் ரைபிள் இப்போது இல்லை. அவருடைய பழைய பஞ்சாங்கம் ஒன்றினுள் ஒரு சாணளவான காய்ந்த பனையோலைத் துண்டு இருக்கின்றது. அதன் நடுவிற் கரிக்கட்டியாற் கீறிய வட்டம். வட்டத்துள் ஏழு துளைகள், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடத்தக்க நெருக்கத்தில். ஓரத்திற் பென்சிலால் எழுதியிருப்பது: காற்று 6, யார் 20.