காற்றுக்காகக் கட்டிய கூடங்கள்: தேனி வட்டாரத்து மருத்துவமனைகளும் தீப்பாதுகாப்பும்

மருத்துவமனைத் தீப்பாதுகாப்பின் வரலாறு, எழுந்து ஓட இயலாத மனிதரை நடுவில் வைத்துக் கட்டடத்தையும் சட்டத்தையும் எண்ணிப் பார்ப்பதற்குச் சமூகம் எடுத்துக்கொண்ட நீண்ட காலத்தின் வரலாறாகும். திரையரங்கிலோ திருமண மண்டபத்திலோ தீப்பிடித்தால் கூட்டத்தை விரைந்து வெளியேற்றுவதே முதல் வேலை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரையும், இன்குபேட்டரில் வைக்கப்பட்ட குறைமாதக் குழந்தையையும் அவ்வாறு உடனே வெளியேற்ற முடியாது என்பதால், மருத்துவமனையில் தீயும் புகையும் அவர்களை நெருங்காதவாறு கட்டடமே தடுத்து நிற்க வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகளுக்கும் இடைப்பட்ட கம்பம் பள்ளத்தாக்கும் அதன் வாயிலில் அமைந்த தேனி நகரமும் இந்த வரலாற்றின் கட்டங்களைத் தெளிவாகக் காட்டுகின்றன.

கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய 19ஆம் நூற்றாண்டில், நீண்ட கூடம், எதிரெதிர்ச் சன்னல்கள், இருபுறமும் தாழ்வாரம் என்னும் அமைப்பு மருத்துவமனைக்கு உரியதாக வகுக்கப்பட்டது. 1859இல் வெளியான ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் மருத்துவமனைகள் பற்றிய நூல் அதற்குப் பெரும் செல்வாக்கைத் தேடித் தந்தது. வெப்பம் மிகுந்த சென்னை மாகாணத்துக்கும் இந்த அமைப்பு பொருந்திப்போனது. இவ்வகைக் கூடங்கள் காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்டவை என்றாலும், உயரமான கூரைக்கடியில் புகை மேலே தங்கியதாலும், தரைத்தளக் கட்டிலை நேரே தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட முடிந்ததாலும், எவரும் திட்டமிடாமலேயே தீயிலிருந்தும் ஓரளவு பாதுகாப்பு அளித்தன.

தமிழ்நாட்டில் தீத்தடுப்பு விதிகள் பெரும்பாலும் பேரிழப்புகளுக்குப் பின்னரே கூர்மை பெற்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகையோடு எரிந்து மாண்டனர். சிகிச்சைக்காக ஒப்படைக்கப்பட்டவர்கள் தப்பியோட இயலாதபடி வைக்கப்பட்டிருந்த கொடுமை உச்ச நீதிமன்றம் வரை எட்டியது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் பலியானபின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. இவ்விரு நிகழ்வுகளும் கூரையைக் குற்றவாளியாக்கியதால், கான்கிரீட் கட்டடம் எரியாது, ஆகவே பாதுகாப்பானது என்ற எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. ஆனால் கான்கிரீட் எரியாவிட்டாலும், அதனுள் இருக்கும் மெத்தையும் மின்கம்பியும் பொய்க்கூரையும் எரியும். அவை கக்கும் புகை அடைபட்ட அறைகளில் சில நிமிடங்களில் நிறைந்துவிடும்.

மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது 1997இல். மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் அமைய, ஆண்டிபட்டி செல்லும் சாலையில் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் நிறுவப்பட்டது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டமும் அதே 1997ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. ஆனால் அதைச் செயற்படுத்தும் விதிகள் 2018இல்தான் வந்தன. இடைப்பட்ட 21 ஆண்டுகளில் நகரங்களின் மருத்துவமனைகள் மாடிமேல் மாடியாக வளர்ந்தன. சன்னல்கள் குளிர்சாதன வசதிக்காக அடைக்கப்பட்டன. தாழ்வாரம் மறைந்து, இருபுறமும் அறைகள் கொண்ட நடைபாதை அதன் இடத்தைப் பிடித்தது.

விதிகள் வெளிவந்த அதே 2018இல், மார்ச் 11 அன்று, போடி அருகே குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்திருந்தோர் சிக்கிக்கொண்டு, சிகிச்சையில் இறந்தவர்களையும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றவர்களை உள்ளூர் மக்கள் போர்வைகளில் ஏந்திச் சுமந்து இறக்க, போடியிலும் தேனியிலும் முதலுதவி பெற்ற பலர் மதுரைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தீக்காயமுற்ற ஒருவரை ஓரடி நகர்த்துவதும் எத்தனை கடினம் என்பதை இப்பள்ளத்தாக்கு அன்று நேரில் கண்டது.

1970இல் முதலில் வெளியாகி 2016இல் திருத்தப்பட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, இந்தக் கடினத்தைக் கணக்கில் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. பத்துக்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனையில் மாடிப்படி குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்கவேண்டும் என்று அது கூறுவதற்குக் காரணம், ஸ்ட்ரெச்சரைச் சுமப்பவர்கள் படி திரும்பும் இடத்தில் முட்டிக்கொள்ளாமல் இறங்கவேண்டும் என்பதே. ஒரு தளத்தைத் தீத்தடுப்புச் சுவராலும் கதவாலும் பகுதிகளாகப் பிரித்து, தீப்பிடித்த பகுதியிலுள்ளவர்களை அதே தளத்தின் மறுபகுதிக்குக் கட்டிலோடு நகர்த்தும் கிடைமட்ட வெளியேற்றம் என்னும் முறையும் அதில் உண்டு. தானாக மூடிக்கொள்ளும் அக்கதவை வசதிக்காக மரக்கட்டை வைத்துத் திறந்தே வைத்தால், அந்தப் பிரிவினையே பயனற்றுப்போகும். மேலும், காற்றில் சுமார் 21 விழுக்காடாக உள்ள ஆக்சிஜன், தீவிர சிகிச்சைப் பிரிவில் கசிவினால் சற்றுக் கூடினாலும், எளிதில் பற்றாத துணிகூடக் கொழுந்துவிட்டு எரியும்.

2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் குவித்திருந்த பொருள்களில் பற்றிய தீ, மேல்தளங்களில் உறங்கிக்கொண்டிருந்த நோயாளிகள் உட்பட 90க்கும் மேற்பட்டோரைப் பெரும்பாலும் புகையாலேயே கொன்றது. 2020இல் ராஜ்கோட் மருத்துவமனைத் தீயைத் தொடர்ந்து, கொரோனா மருத்துவமனைகளை மாதந்தோறும் தணிக்கை செய்ய மாவட்டக் குழுக்களை அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் தேனியின் அண்டை மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லில், 2024 டிசம்பர் 12 இரவு, நான்கு மாடித் தனியார் மருத்துவமனை ஒன்றின் கீழ்த்தளத்தில் பற்றிய தீ, லிஃப்டில் சிக்கியவர்கள் உட்பட ஆறு பேரின் உயிரைப் பறித்தது. அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இதற்கு மாறாக, 2022 ஏப்ரலில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் தீப்பிடித்தபோது, 30க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிர்ச்சேதமின்றி வெளியேற்றப்பட்டனர்.

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டடம் ஒருநாள் எப்படி இருந்தது என்பதற்கே சாட்சி. சன்னலை அடைத்த பின்னும், படியடியில் சிலிண்டர்களை அடுக்கிய பின்னும், பார்வையாளர் கூட்டத்தைத் தடுக்கப் பின்வாசலைப் பூட்டிய பின்னும் அச்சான்று சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும். தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை உள்ள முதல் சில நிமிடங்கள் இரவுப் பணியிலுள்ள செவிலியர் கையிலும் காவலர் கையிலுமே இருப்பதால், அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துவதும், நடைபாதையையும் பின்வாசலையும் எந்நேரமும் திறந்து வைப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படவேண்டும். உறவினரைச் சேர்க்க வரும் ஒவ்வொருவரும் இரண்டாவது மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டறிவது நலம். அந்தக் கேள்விக்கு விடை தரமுடியாத மருத்துவமனை, நோயாளியை ஏற்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.