கல் சூப்பும் கண்டம் செய்த கணினிகளும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் 'கண்டம்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. உடைந்த நாற்காலி, ஓடாத தட்டச்சு இயந்திரம், பழைய கணினி என்று பட்டியல் போட்டு, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி மூலையில் குவித்து வைப்போம். அப்படிக் கழித்த கணினிகளைக் கொண்டே ஒரு பெரிய ஆராய்ச்சிக் கணினியை உருவாக்கிய இருவரைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை. 1990-களின் தொடக்கத்தில் சூப்பர் கம்ப்யூட்டரின் விலை கோடிகளில் இருந்தது. பெரிய ஆய்வுக்கூடங்கள்தான் வாங்க முடியும். மற்ற விஞ்ஞானிகள் தங்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

1994-இல் அமெரிக்காவில், நாசாவின் கோடார்ட் மையத்தில் இருந்த தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் வேறு வழி கண்டார்கள். கடையில் விற்கும் 486 ரகக் கணினிகள் 16-ஐ ஈதர்நெட் கம்பியால் இணைத்தார்கள். ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி எல்லாவற்றுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பழைய ஆங்கிலக் காவியம் ஒன்றின் நாயகனுக்குக் கைப்பிடியில் முப்பது ஆட்களின் பலம் உண்டு. அவன் பெயரையே தங்கள் இயந்திரத்துக்கு வைத்தார்கள்: பேவுல்ஃப்.

அந்தக் கணினிகளில் ஓடியது லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய இயக்கு மென்பொருள் அது. இலவசம் என்பது ஒரு வசதி. உள்ளே எழுதியிருப்பதை யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி. இரண்டு ஈதர்நெட் கம்பிகள் சேர்ந்து ஒரே கம்பிபோல் வேலை செய்யும்படி பெக்கரால் லினக்ஸை மாற்ற முடிந்தது. அதற்கு எந்தக் கம்பெனியின் அனுமதியும் தேவைப்படவில்லை.

இனி நம் இருவரிடம் வருவோம். டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் இரண்டாம் உலகப்போரில் அணுகுண்டுத் திட்டத்துக்காகப் பணத்தைக் கொட்டி உருவாக்கிய இடம். 1996-இல் அங்கே வில்லியம் ஹார்க்ரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் இருவரும் 64 புதுக் கணினிகள் கொண்ட தொகுதி அமைக்க 64,000 டாலர் கேட்டார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 'நிதி ஒதுக்க இயலாது' என்று எத்தனை கடிதம் தட்டச்சு செய்திருக்கிறேன்! பெரும்பாலும் அத்தோடு கோப்பு மூடிவிடும்.

இவர்கள் மூடவில்லை. வளாகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கணினிகளைத் தேடிச் சேகரித்தார்கள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் 'சூப் ஓ கயூ' என்று ஒரு கதை சொல்வார்கள். பசியோடு வந்த வழிப்போக்கன் ஒரு கூழாங்கல்லைக் கொதிக்க வைத்து, "அருமையான சூப், கொஞ்சம் கேரட் இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும்" என்பான். ஊரார் ஒவ்வொருவராக எதையாவது கொண்டுவந்து போட, உண்மையான சூப்பே தயாராகிவிடும். அந்தக் கதையை வைத்தே இவர்கள் தங்கள் இயந்திரத்துக்குக் 'கல் சூப் கம்ப்யூட்டர்' என்று பெயரிட்டார்கள். 1997-இல் அது ஓடத் தொடங்கியது. 2001-இல் அதில் 133 கணினிகள் இருந்தன. பாதிக்கு மேல் பழைய 486-கள். கணினிகளுக்கு விலையாக ஒன்றும் கொடுக்கவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. சில கணினிகள் வேகம், சில மந்தம். எல்லாவற்றுக்கும் சமமாக வேலை கொடுத்தால், மெதுவானது முடிக்கும்வரை மற்றவை சும்மா நிற்கும். அதனால் தலைமைக் கணினி வேலையைச் சிறு சிறு கட்டாகக் கொடுத்தது. முடித்தவர் வந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். நல்ல தலைமை எழுத்தர் கோப்புகளைப் பிரித்துக் கொடுப்பது போலத்தான்.

இப்படி அமெரிக்க நிலப்பரப்பை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாக, 78 லட்சம் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றின் வெப்பம், மழை, மண் போன்ற 25 வரையிலான தன்மைகளை ஒப்பிட்டு, இயற்கைச் சூழல் வரைபடம் தயாரித்தார்கள். ஒரே கணினியால் ஆகக்கூடிய காரியமல்ல அது.

2017 நவம்பர் பட்டியலில் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களிலும் லினக்ஸ்தான் ஓடியது. பெரியவர்களும் கடைசியில் ஏழைகளின் வழிக்கே வந்துவிட்டார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்தப் பழைய 486-கள்தான். மெதுவானதையும் அங்கே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் முடிந்த அளவு வேலை கொடுத்தார்கள். ஓய்வூதியம் வாங்கும் நம் போன்றவர்களுக்கு இது கேட்க இதமான செய்திதானே!