116இ பிறந்த கதை

குஜிலியம்பாறைப் பக்கம் கைப்பிள்ளைக்கு வயிற்றால் போனால் முதல் தீர்ப்பு வீட்டுக் கிழவியுடையது. "பல்லு முளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்பார். இல்லாவிட்டால் சீர் தட்டியிருக்கிறது என்று மந்திரிக்கச் சொல்வார். இரண்டிலும் சிக்காத ஒரு கிருமி பல காலமாக நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது. ரோட்டா வைரஸ். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். சுத்தமான தண்ணீர் ஓடும் ஊர்ப் பிள்ளைகளையும் அது விடுவதில்லை. ஆனால் சாவு ஏழை வீடுகளில்தான் அதிகம்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியர் பிள்ளையின் வாயில் புகட்டும் ரோட்டா மருந்துகளில் ஒன்றுக்கு மூலம் தேடினால், ஒரு பிறந்த குழந்தையின் மலத்தில் போய் நிற்கும். 1980களின் நடுவில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. குழந்தைகளுக்கோ பேதி இல்லை. நோய் இல்லையே என்று நிம்மதியாக நகர்ந்திருக்கலாம். டாக்டர் மகராஜ் கிஷன் பான் நகரவில்லை. அந்தக் குழந்தைகள் வளர வளரக் குழுவினர் கவனித்தார்கள். பிறந்தபோதே இந்த வைரஸ் தொற்றியவர்களுக்குப் பிற்பாடு ரோட்டா பேதி குறைவாகவே வந்தது என்று 1993இல் எழுதினார்கள். வைரஸுக்கு வைத்த பெயர் 116இ.

அதன் 11 மரபணுத் துண்டுகளில் ஒன்று மாட்டு வைரஸிலிருந்து வந்தது. யாரும் ஒட்டவைத்ததல்ல, தானாக நடந்த கலப்பு. தொழுவமும் தொட்டிலும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் நாட்டில் இதற்கு ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

இந்த வைரஸைத் தடுப்பு மருந்தாக்கும் வேலையில் அமெரிக்கர் ரோஜர் கிளாஸ் போன்றவர்கள் துணை நின்றார்கள். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. இடையில் ஒரு பயம் வந்து சேர்ந்தது. 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் ரோட்டா தடுப்பு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் நுழையும் குடல் செருகலை உண்டாக்கியது. மறு வருஷமே திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரோட்டா மருந்தும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது.

நம் பக்கத்துப் பங்கு வேலூரில். 2002 முதல் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் கஸ்பா, சின்னல்லாபுரம் போன்ற நெருக்கடியான தெருக்களில் 373 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்தார்கள். இதேபோல் மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த பிள்ளைக்குக் கடும் பேதி அதன்பின் வரவில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையே முழுசாகக் காக்காத இடத்தில் மருந்திடம் எவ்வளவு எதிர்பார்ப்பது?

2011இல் தில்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் பெரிய பரிசோதனை தொடங்கியது. 6,799 குழந்தைகள். 4,532 பேருக்கு மருந்து, 2,267 பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் திரவம். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. வாந்தி எத்தனை, பேதி எத்தனை, காய்ச்சல் எவ்வளவு, நீர் எவ்வளவு வற்றியது என்று கணக்கிட்டு, 20க்கு 11 மதிப்பெண் எட்டினால் கடும் நோய். மருந்து வேலை செய்யாமல் போவதற்குத் தாய்ப்பால் காரணமோ என்றொரு சந்தேகம். தில்லியில் சொட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் பால் கொடுக்காமல் பார்த்தார்கள். வித்தியாசம் எதுவுமில்லை.

முதல் வயதில் கடும் ரோட்டா பேதி 56 சதவீதம் குறைந்தது. பரீட்சையில் 56 என்றால் நம் வீடுகளில் திட்டு விழும். ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிய குழந்தைகள் இந்த வைரஸால் இறப்பதாக அப்போது மதிப்பிட்டிருந்த நாட்டில் அதைச் சிறிய எண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விலையும் ஒரு டோஸ் ஒரு டாலர் என்று பேசியிருந்தார்கள்.

2016இல் மருந்து நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது; 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பழைய பயத்துக்கான பதில் 2020இல்தான் கிடைத்தது. 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த குழந்தைகளின் தடுப்பூசி அட்டைகளை வைத்து, மருந்து கொடுத்த நாளுக்கும் நோய் வந்த நாளுக்கும் இடைவெளி பார்த்தார்கள். மருந்தால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.