ஓடிகோலன் புராணம்

பாடி மிஸ்ட்னு ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கி அடிச்சுப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும். அப்புறம் அது மெல்லக் கழன்று கொள்ள, பூ வாசனை தலை தூக்குகிறது. நல்லாத்தான் இருக்கு. ஆனா 'புத்தம் புது அனுபவம்'னு பாட்டில்ல போட்டிருந்ததைப் பார்த்துத்தான் சிரிப்பு வந்தது. இந்தச் சரக்குக்கு வயசு முந்நூறுக்கு மேலே ஆகுது சாமி!

ஜொஹான் மரியா ஃபரீனா என்று ஒரு இத்தாலிக்காரர். 1685ல் பிறந்தவர், பிழைக்கப் போன ஊர் ஜெர்மனியின் கொலோன். அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரர்கள் கஸ்தூரி, புனுகு என்று ஆளைத் தூக்கும் வாசனைகளைப் பூசிக்கொண்டிருந்தார்கள். இவர் சுத்தமான சாராயத்தில் பெர்கமாட் என்கிற எலுமிச்சை ஜாதிப் பழத்தோலின் எண்ணெய், ஆரஞ்சு, பூக்களின் சாரம் எல்லாம் கலந்தார். மழை விட்ட இத்தாலிக் காலை மாதிரி இருக்கு என்று 1708ல் சகோதரருக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். ஊர் விட்டு வந்தவனின் ஏக்கம்தான், வேறென்ன? 1709ல் தொடங்கிய குடும்பக் கடை இன்னும் அங்கே இருக்கிறது. சரக்குக்கு ஊர்ப் பெயரையே வைத்தார் மனுஷன். ஓ டி கொலோன், அதாவது கொலோன் தண்ணீர்.

அங்கேதான் வந்தது வினை. ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாமே! ஒட்டினார்கள். ஊர்ப் பெயர் போதாதென்று ஆள் பெயருக்கும் அலைந்தார்கள். 1803ல் வில்ஹெல்ம் மூல்ஹென்ஸ் என்ற வியாபாரி, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபரீனாவைப் பிடித்து அவர் பெயரைக் காசு கொடுத்து வாங்கினார். (நம்ம ஊர் 'ஒரிஜினல்' அல்வாக் கடைகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) கோர்ட், கேஸ் என்று பல பத்து வருஷம் இழுத்து, 1881ல் மூல்ஹென்ஸ் பேரன் அந்தப் பெயரை விட வேண்டியதாயிற்று. அவர்கள் கையில் மிச்சம் இருந்தது வீட்டு நம்பர், 4711. அதுவே உலகப் புகழ் பெற்றுவிட்டது!

இன்னொரு கூத்து. ஆரம்பத்தில் இதை மருந்தாகவும் விற்றார்கள், குடிக்கவும் குடித்தார்கள். 1810ல் நெப்போலியன், ரகசிய மருந்து விற்கிறவர்கள் செய்முறையைச் சொல்லியாக வேண்டும் என்று ஆணை போட்டார். ரகசியத்தைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? 'இது மருந்தே இல்லீங்க, வெறும் வாசனைத் தண்ணி' என்று கட்சி மாறிவிட்டார்கள்.

ஆனால் நம் வீடுகளுக்கு அந்த ஆணை வந்து சேரவில்லை போலிருக்கிறது :-) காய்ச்சல் என்றால் தண்ணீரில் நாலு சொட்டு ஓடிகோலன் விட்டு, துணியை நனைத்து நெற்றியில் போடுவது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் சகஜம். சாராயம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும், அதனால் அந்தச் சில்லிப்பு. (குழந்தைகளுக்கு வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்கிறார்கள் இப்போது டாக்டர்கள்.) பாடி மிஸ்டின் எலுமிச்சை வாசனை பத்து நிமிஷத்தில் ஓடிப்போவதற்கும் அதே ஆவியாகும் சங்கதிதான் காரணம். தோல் எண்ணெய்களின் மூலக்கூறுகள் இலேசானவை, முதலில் கிளம்பிவிடும். கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

எங்க வீட்ல அது 'ஓடிகோலன்'. பக்கத்து வீட்ல 'யூடிகோலன்'. உங்க வீட்ல எப்படி?