வெளியீட்டுக்கு முன் எதைக் காட்டுவது? வீடியோ கேம் உருவாக்கமும் ரசிகர் எதிர்பார்ப்பும், 1997–2025

விற்பனைக்கு வருமுன் ஒரு வீடியோ கேமை ரசிகர்களுக்கு எவ்வளவு காட்டலாம்? ஊரறியச் செய்வதா, ரகசியமாகச் செய்து முடிப்பதா என்று இரண்டு கட்சிகளாகப் பிரித்தே இதைப் பேசுகிறோம். கடந்த கால் நூற்றாண்டு வரலாறு அந்தப் பிரிவினைக்கு அடங்கவில்லை. ரசிகர்களிடம் இருந்தது ஆடிப் பார்த்த அனுபவமா, கேள்விப்பட்ட பேச்சா என்பதைப் பொறுத்தே ஏமாற்றத்தின் அளவு அமைந்திருக்கிறது.

‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ 1997இல் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே த்ரீடி ரியல்ம்ஸ் நிறுவனம் கேம் எஞ்சினை மாற்றியது. 2001இல் ஒரு டிரெய்லர் வந்தது. 2009இல் உருவாக்கக் குழுவே கலைந்தது. கியர்பாக்ஸ் அதை முடித்து 2011இல் வெளியிட்டபோது விமர்சகர்கள் கிழித்தெடுத்தார்கள். பதினான்கு ஆண்டுக் காத்திருப்புதான் அதைக் கெடுத்தது என்பார்கள். காத்திருப்பை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

அதே 2011இல் முழுமை பெற்ற ‘மைன்கிராஃப்ட்’ நேர் எதிர்த் திசையில் வளர்ந்தது. அதை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் 2009 மே மாதத்திலேயே அரைகுறை வடிவத்தை ஆடக் கொடுத்துவிட்டார். விரைவில் குறைந்த விலைக்கு விற்கவும் தொடங்கினார். குறைகளைக் கண்டே வாங்கியவர்களுக்கு ஏமாற இடமில்லை. 2013இல் ஸ்டீம் தளம் ‘ஏர்லி ஆக்சஸ்’ என்ற பெயரில் இம்முறைக்குத் தனிப் பிரிவே திறந்தது.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது ‘நோ மேன்ஸ் ஸ்கை’. இங்கிலாந்தின் கில்ஃபோர்டில் இயங்கும் ஹெலோ கேம்ஸ் என்ற சிறு குழு 2013 டிசம்பரில் அதை அறிவித்தது. 18க்குப் பின் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கையில் கோள்கள்! நிறுவனர் ஷான் மர்ரே பேட்டிகளில் தாராளமாகப் பேசினார். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது, ஆனால் நடக்கும் என்றார். 2016 ஆகஸ்டில் வெளியானதும் இருவர் ஒரே இடத்துக்குப் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. ரசிகர்களின் கோபம் விளம்பரப் புகாராகவும் போனது. பிரிட்டன் விளம்பரத் தர ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. குழு பேச்சைக் குறைத்துக்கொண்டு புதுப்பிப்புகளை இலவசமாக வெளியிட்டது. சேர்ந்து ஆடும் வசதி முழு அளவில் வந்தது 2018 ஜூலையில். என் கணிப்பில், இங்கே கேமைவிடப் பேட்டிகளே பெரிய குற்றவாளி.

காத்திருப்பு மட்டுமே குற்றவாளி அல்ல என்பதற்கு ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ சாட்சி. முதல் கேமுக்குப் பணம் தந்தவர்களுக்கு வாக்களித்த இணைப்புப் பகுதியே வளர்ந்து தனிக் கேமாகி, 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. பிறகு அடிலெய்டின் டீம் செரி குழு பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. ரசிகர்கள் தங்களையே கோமாளிகளாக வரைந்து கேலி செய்துகொண்டார்கள். வெளியீட்டுத் தேதி இரண்டே வாரம் முன்பு தெரிந்தது. 2025 செப்டம்பர் 4 அன்று விற்பனைத் தளங்கள் திணறின; ஸ்டீமில் ஒரே நேரத்தில் 5 லட்சம் பேருக்கு மேல் ஆடினார்கள். அவர்களில் பலர் 2017இன் முதல் கேமை ஏற்கெனவே ஆடிப் பழகியவர்கள்.

பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் இரு முறைகளையும் கலந்தது. ‘பால்டர்ஸ் கேட் 3’இன் முதல் பாகத்தை மட்டும் 2020 அக்டோபரில் ஆடக் கொடுத்து, மற்ற இரண்டையும் மறைத்து வைத்தது. முழுக் கேம் 2023 ஆகஸ்டில் வந்து அவ்வாண்டின் சிறந்த கேம் விருதுகளை அள்ளியது. குறைகளைப் பற்றிய புகார்கள் அதிகம் எழுந்தது, வெளியார் கை படாதிருந்த மூன்றாம் பாகத்தின் மீது.