மேலே ஒரு காளான், கீழே வேறொன்று

பைன் மரத்தோடு எந்தப் பூஞ்சை கூட்டு வைத்திருக்கிறது என்று அறிய ரொம்பக் காலம் இருந்த சுலபமான வழி, மழைக்குப் பிறகு கூடையோடு போய் முளைத்த காளான்களை எண்ணுவதுதான். 1885-ல் ஜெர்மானியர் ஃப்ராங்க் இந்தக் கூட்டுக்கு ‘மைக்கோரைசா’ என்று பேர் வைத்தார். பூஞ்சை மண்ணின் சத்தைக் கொடுக்கும், மரம் சர்க்கரை கொடுக்கும். ஆனா வேர்நுனியைப் பார்த்து, போர்த்தியிருப்பது எந்த இனம்னு சொல்றது லேசில்ல.

வேரில் டிஎன்ஏ எடுத்தால் மரத்துடையதும் கலந்தே வரும். 1993-ல் கார்ட், பிரன்ஸ் இருவரும் வெளியிட்ட ‘ஐடிஎஸ்1-எஃப்’ பிரைமர், பிசிஆரில் மரத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டுப் பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கியது. அதை நொதியால் வெட்டி, துண்டுகளின் நீளத்தைக் காளானிலிருந்து எடுத்ததோடு ஒப்பிட்டால் ஆள் யாரென்று தெரியும்.

1996-ல் கலிஃபோர்னியாவின் பிஷப் பைன் காடு ஒன்றில் தரைக்கு மேலே முளைத்ததையும் வேரில் இருந்ததையும் அவர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கணக்கு உதைத்தது. மேலே ஏராளமாக முளைத்த சூய்லஸ், வேரில் கொஞ்சம்தான். வேரை நிறைத்திருந்த ரஸ்ஸுலாவும் டொமென்டெல்லாவும் மேலே அபூர்வம். அதிலும் டொமென்டெல்லாவுக்குக் குடையே கிடையாது. விழுந்த கட்டையின் அடியில் மெல்லிய படலமாக ஒட்டிக் கிடக்கும். யார் குனிந்து புரட்டுவது? கண்ணில் பட்டபோதும், மரத்தை மக்கவைத்துத் தின்கிற கூட்டம் என்றே பலரும் நினைத்திருந்தார்கள். அதுதான் உயிருள்ள பைனுக்குச் சத்து ஊட்டிக்கொண்டிருந்தது.